புழல் ஏரியின் பறக்கும் படகுகள்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடற்கரைச் சாலையில் செல்பவர் வலப்பக்கம் கடலையும் இடப்பக்கம் ஆலைகளையும் கண்டுகொண்டே போகலாம். துறைமுகம், எண்ணெய்த் தொட்டிகள், இரயில் பாதைகள், மோட்டார்த் தொழிற்சாலை, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டி மின்நிலையம் என்று ஒரு பெரிய நாட்டின் கைத்தொழில் வலிமையில் கணிசமான ஒரு பங்கு இந்த எட்டொன்பது மைல் நீளத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. கடல் வழியாக வரும் பகைவன் முதலில் கண் வைக்கக்கூடிய இடமும் இதுவே. சென்ற நூற்றாண்டின் இரண்டு உலகப் போர்களிலும் அவ்வாறே கண் வைக்கப்பட்டது. அந்தப் பகைவனை எதிர்பார்த்துக் கடலின்மேல் பறந்து பறந்து தேடிய வேவு விமானப் படைப்பிரிவுகளைப் பற்றி, மாணவர்களே, இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் 1914ஆம் ஆண்டுக்குச் செல்வோம். அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணி அளவில் 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. அதன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர். துறைமுகத்தை அடுத்திருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்து அவர் சுடச் சொன்னார். ஏறத்தாழ 130 குண்டுகள் பாய்ந்தன. தொட்டிகள் பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற கப்பலும் அடிபட்டது, சிலர் உயிரிழந்தனர். கரையிலிருந்த பீரங்கிகள் விழித்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கியதும் எம்டன் விளக்குகளை அணைத்துக்கொண்டு இருளில் மறைந்தது. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அரை மணி நேரம் நம் மொழிக்கு ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டுப் போயிற்று. ஆழம் காண முடியாத சூழ்ச்சிக்காரனை 'அவன் ஓர் எம்டன்' என்று இன்றும் நம்மவர் சொல்வதைக் கேட்கலாம்.

அந்தக் கப்பலை முன்கூட்டியே ஒருவரும் காணாதது ஏன்? இருட்டு ஒரு காரணம். மற்றொரு காரணம் பூமி உருண்டையாக இருப்பது. நான் வரலாறு கற்பித்தவன். ஆயினும் சிறு கணக்கு ஒன்றைச் சொல்கிறேன், காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்துக்கு மேல் உங்கள் கண் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறதோ அதை ஒன்றரையால் பெருக்கி, வரும் தொகைக்கு வர்க்கமூலம் காணுங்கள். தொடுவானம் உங்களிடமிருந்து ஏறக்குறைய அத்தனை மைல் தொலைவில் இருக்கும். கரையில் நிற்கும் ஆறடி மனிதனுக்கு 6ஐ ஒன்றரையால் பெருக்க 9. அதன் வர்க்கமூலம் 3. அவன் பார்வை எட்டுவது மூன்று மைல். உயர்நீதிமன்றக் கோபுரத்தில் 1894ஆம் ஆண்டு ஏற்றப்பட்ட கலங்கரை விளக்கு கடல் மட்டத்துக்கு மேல் 175 அடி. அங்கு நிற்பவனுக்கு 16 மைல். கப்பலின் பாய்மரமோ புகைபோக்கியோ உயரமாக இருந்தால் இன்னும் சிறிது கூடும். மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் இந்தப் பதினாறு மைலையும் முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும். இப்போது 3,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தில் ஒருவனை ஏற்றுங்கள். அவன் காணும் எல்லை 67 மைல். விமானம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. கரையைவிட்டு முந்நூறு, நானூறு மைல் சென்று அங்கிருந்தும் அதே 67 மைலை நாற்புறமும் காண்கிறது. கடற்காவலில் விமானத்தின் பெருமை முழுவதும் இந்தச் சிறு கணக்குக்குள் அடங்கியிருக்கிறது.

1914இல் சென்னைக்கு விமானம் புதியதன்று. 1910ஆம் ஆண்டிலேயே டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல் முதலாளி பல்லாவரத்தில் விமானம் ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஆனால் அது வேடிக்கை. கடலைக் காவல் காக்க ஒரு விமானமும் இங்கு இல்லை.

இரண்டாவது உலகப் போர் 1939இல் மூண்டபோது நிலைமை ஓரளவு மாறியிருந்தது. இந்திய விமானப் படை 1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சட்டப்படி தோன்றியிருந்தது. அது மிகச் சிறிய படை. கடற்கரை நீளமோ ஆயிரக்கணக்கான மைல். எனவே விமானப் படையின் தொண்டர் பிரிவில் சேர்ந்தவர்களைக் கொண்டு, முக்கியமான துறைமுகங்களைக் காக்கக் கடற்கரைக் காவல் விமானக் குழுக்கள் சிலவற்றை அமைத்தனர். முதலாவது குழுவுக்குச் சென்னை இருப்பிடமாயிற்று. பரங்கிமலை விமானத் தளத்திலிருந்து அக்குழு இயங்கிற்று. பறக்கும் கழகங்களில் பொழுதுபோக்காக விமானம் ஓட்டப் பழகியவர்களும், தபால் விமானங்களையும் பயணி விமானங்களையும் ஓட்டிப் பிழைத்தவர்களும் இத்தகைய குழுக்களில் சீருடை அணிந்தனர்.

அவர்களுக்குக் கிடைத்த விமானங்களைப் பற்றிச் சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். 'வாபிடி' என்ற இரட்டைச் சிறகு விமானம் 1927இல் முதன்முதல் பறந்தது. அதற்கு ஒரே ஓர் என்ஜின், திறந்த இருக்கை, இரண்டே பேர் ஏறலாம். வடமேற்கு எல்லை மலைகளில் பயன்படுத்திப் பழகிய விமானம் அது. அதனை வங்கக் கடலின்மேல் ஓட்டினர். நடுக்கடலில் அந்த ஒற்றை என்ஜின் நின்றுபோனால், சக்கரம் பூட்டிய அந்த விமானம் அலையில் மிதக்கவும் செய்யாது. இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி பயணிகளை ஏற்றிச் செல்ல வைத்திருந்த 'அடலாண்டா' என்னும் நான்கு என்ஜின் விமானங்கள் சிலவற்றையும் 1941இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு இப்பணியில் ஈடுபடுத்திற்று. கப்பல் கூட்டங்களுக்குத் துணையாகச் செல்வதும், அயல் கப்பல் ஏதேனும் தென்படுகிறதா என்று நோக்குவதும் இவர்கள் வேலை. பெரும்பாலான நாட்களில் ஒன்றும் தென்படாது. ஒன்றும் தென்படவில்லை என்று எழுதி வைப்பதும் வேவுக்காரனின் கடமைதான். அந்த வெறும் கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போன இளைஞர்களுக்கு வரலாற்று நூல்களில் ஒரு பத்திகூடக் கிடைப்பது அரிது என்பது எனக்கு நெடுங்காலக் குறை.

1942ஆம் ஆண்டு பிறந்தது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. மார்ச் 23இல் ஜப்பானியர் அந்தமானில் இறங்கினர். இராயபுரத்திலும் தண்டையார்ப்பேட்டையிலும் இரங்கூனோடு உறவோ வாணிகமோ இல்லாத தெரு குறைவு. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் சொன்ன கதைகள் அச்சத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்ட பெரும் ஜப்பானியப் படை, நாகுமோ என்ற தளபதியின்கீழ் இந்துமாக் கடலுக்குள் புகுந்தது. அதைக் கண்டவர் ஒரு வேவு விமானி. கனடா நாட்டு விமானப் படையின் 413ஆம் ஸ்குவாட்ரன் அப்போதுதான் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கு வந்து சேர்ந்திருந்தது. அதன் விமானிகளுள் ஒருவர் லெனார்டு பிர்ச்சல். ஏப்ரல் 4ஆம் நாள் 'காடலினா' என்ற பறக்கும் படகில் தெற்கே நெடுந்தூரம் ரோந்து சென்ற அவர், மாலையில் திரும்பும் தறுவாயில் தொடுவானத்தில் சில கரும்புள்ளிகளைக் கண்டார். அருகே சென்று பார்த்தார். பகைவர் கடற்படை முழுவதும் அங்கே இருந்தது. கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்பத் தொடங்கினார். செய்தி போய்க்கொண்டிருக்கும்போதே சண்டை விமானங்கள் அவரைச் சூழ்ந்து சுட்டு வீழ்த்தின. விமானத்திலிருந்த ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். அவரும் எஞ்சியோரும் போர் முடியும் வரை ஜப்பானியர் சிறையில் கிடந்தனர். அனுப்பிய செய்தி கொழும்புக்கு எட்டிவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது துறைமுகத்திலிருந்த கப்பல்களிற் பல வெளியேறியிருந்தன. இருந்தும் அன்று தெற்கே கடலில் 'டார்செட்ஷயர்', 'கார்ன்வால்' என்ற இரு பிரிட்டிஷ் குரூசர்கள் மூழ்கின. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றும் அதே ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ரே தாமஸ் என்பவர் பகைவரைக் கண்டு செய்தி அனுப்பினார். அவர் விமானம் திரும்பவே இல்லை.

இதே நாட்களில் ஒசாவா என்ற மற்றொரு தளபதி வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடினார். இருபதுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் நம்பினர். ஏப்ரல் 7ஆம் நாள் விடியுமுன் சென்னையில் அபாயச் சங்கு ஊதிற்று. ஜப்பானியக் கடற்படை நெருங்குகிறது என்ற எச்சரிக்கை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசாங்கத்தைக் கலக்கிற்று. அவசியமான வேலை இல்லாதவர்கள் நகரைவிட்டுப் போய்விடலாம் என்று சொல்லப்பட்டது. அரசாங்க அலுவலகங்களே மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டன. அலுவலகம் போகிறது என்றால் மக்கள் நிற்பார்களா? எழும்பூரிலும் சென்ட்ரலிலும் நிற்க இடமில்லை. மூர் மார்க்கெட்டை அடுத்திருந்த மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைக் கூடச் சுட்டுக் கொன்றார்கள்; குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை தெருவுக்கு வந்துவிடும் என்ற பயம்.

என் தந்தையார் அப்போது பத்து வயதுச் சிறுவர். இராயபுரத்தில் இருந்த எங்கள் குடும்பம் ஒரு மாட்டுவண்டியை மூன்று பங்கு கூலி கொடுத்து அமர்த்திக்கொண்டு பொன்னேரிக்குப் போயிற்று. 'வண்டியில் அம்மி ஏறிற்று. என் பள்ளிக்கூடப் பை ஏறவில்லை' என்று அவர் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். பொன்னேரியில் மூன்று மாதம் இருந்தார்களாம். கடலிலிருந்து என்ன வருகிறது, எப்போது வருகிறது என்று அங்கு யாரைக் கேட்டாலும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்களாம்.

அவர்கள் அங்கே அஞ்சிக்கொண்டிருந்தபோது ஜப்பானியக் கப்பல்கள் கிழக்கு நோக்கித் திரும்பிப் போய்விட்டன. சென்னை காலியான அந்த நாட்களில், சென்னையைத் தாக்க வங்கக் கடலில் ஒரு விமானந்தாங்கியும் இல்லை. அரசாங்கம் கோழைத்தனமாக நடந்துகொண்டது என்று அக்காலத்தில் பலர் பழித்தனர். என் கருத்து சிறிது வேறு. பகைவன் இருக்கும் இடத்தை அறிவதற்குப் பிர்ச்சல் போன்றோர் உயிரைக் கொடுத்தனர்; அவன் போய்விட்டான் என்பதை அறிவதற்குப் போதிய விமானங்கள் இந்தக் கரையில் இல்லை. பழைய வாபிடியை வைத்துக்கொண்டு முந்நூறு மைலுக்கு அப்பால் இருப்பதை யார் சொல்ல முடியும்? அரசாங்கத்தைப் பழிக்க வேண்டுமானால் வேறொன்றுக்காகப் பழிக்கலாம். தனக்குத் தெரிந்த சிறிதளவையும் அது மக்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த இடத்தில் வதந்தி வந்து அமர்ந்துகொண்டது.

குறையைப் போக்கக்கூடிய படைப்பிரிவு சில மாதம் கழித்தே வந்தது. 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் விமானப் படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் தன் காடலினாக்களுடன் செங்குன்றத்துக்கு வந்து புழல் ஏரியில் தளம் அமைத்தது. 1918இல் தோன்றிக் கலைந்து 1937இல் மீண்டும் அமைக்கப்பட்ட பிரிவு அது. வட அட்லாண்டிக் கடலின் குளிரில் ரோந்து செய்து பழகியவர்கள் அதில் இருந்தனர். அதன் விருது மொழி ஐஸ்லாந்து மொழியில் அமைந்தது. 'கடலின் காவலன், வானின் காவலன்' என்பது அதன் பொருள்.

ஏன் ஏரி? சென்னைக் கடற்கரை நேர்கோடாகக் கிடக்கிறது. ஒதுங்க ஒரு வளைகுடா இல்லை. அலையின் புரட்டல் எந்நாளும் உண்டு. துறைமுகத்துக்குள் கப்பல்களின் நெருக்கம். பறக்கும் படகு எழும்பவும் இறங்கவும் நீண்ட, அமைதியான நீர்ப்பரப்பு வேண்டும். 1876இல் கட்டி முடிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீர் தந்துவந்த புழல் ஏரி அதற்கு வாய்ப்பாக இருந்தது. இராயபுரத்திலிருந்து அது பத்து மைலுக்கு உட்பட்ட தொலைவே. நகரம் குடித்த தண்ணீரின்மீதே நகரைக் காத்த விமானங்கள் மிதந்தன.

காடலினாவின் அமைப்பை அறிந்துகொள்வது நல்லது. அதன் அடிப்பகுதி படகு. படகின் நடுவில் ஒரு தண்டு எழுந்து, அதன்மேல் 104 அடி நீளச் சிறகு குறுக்கே கிடக்கும். சிறகின்மேல் ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தியுள்ள இரண்டு என்ஜின்கள். சிறகு முனைகளில் இரு மிதவைகள். விமானம் எழுந்ததும் அவை மடங்கிச் சிறகோடு சேர்ந்துகொள்ளும். உடலின் இருபுறமும் கண்ணாடிக் குமிழிகள் இரண்டு புடைத்து நிற்கும். காவலாளிகள் அவற்றுள் அமர்ந்து கடலை நோக்குவர். வேகம் மிகக் குறைவு, மணிக்கு 120 மைல் அளவே. ஆயினும் இருபது மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பறக்கும். இதே கொக்கலை ஏரிக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே 1943 முதல் காடலினாக்கள் இடையில் எங்கும் இறங்காமல் தபால் கொண்டு சென்றன. பயணம் ஏறத்தாழ முப்பது மணி நேரம். பயணிகள் இருமுறை சூரியோதயம் காண்பர். 1941 மே 26இல் அட்லாண்டிக்கில் தப்பியோடிய 'பிஸ்மார்க்' என்ற ஜெர்மானியப் பெருங்கப்பலைக் கண்டுபிடித்ததும் ஒரு காடலினாவே.

இத்தகைய விமானத்தில் எட்டு, ஒன்பது பேர் விடியுமுன் ஏறுவர். வங்கக் கடலைக் கற்பனைக் கோடுகளால் கீறிக்கொண்டு, ஒரு கோட்டில் சென்று அடுத்த கோட்டில் திரும்புவர், வயலை உழுபவன் சால் பிடிப்பதுபோல. ஒருவர் வரைபடத்தின்மேல் குனிந்து காற்றின் தள்ளலைக் கணக்கிட்டுக்கொண்டே இருப்பார். அக்கணக்கு பிசகினால், கண்ட கப்பலின் இடம் பிசகும். அதைவிட, வீடு திரும்பும் வழி பிசகும். ராடார்க் கருவியும் உண்டு. எனினும் கண்ணே முதற்கருவி. நீர்மூழ்கிக் கப்பல் கீழே போன சுவடு ஒரு வெள்ளைக் கோடாகச் சில நிமிடம் தெரியும். கூட்டமாகச் செல்லும் வணிகக் கப்பல்களுக்கு மேலே வட்டமிட்டுத் துணை போவதும், மூழ்கிய கப்பலின் மாலுமிகள் படகில் தத்தளிக்கிறார்களா என்று தேடுவதும் இவர்களுக்கு இட்ட பணிகளே.

போரின் பிற்பகுதியில் புழலுக்கு இரகசியமான வேலையும் வந்தது. பர்மா, மலேயாக் கரைகளில் ஒற்றர்களை இருட்டில் இறக்கிவிடக் காடலினாக்கள் சென்றுவந்தன. இவ்வகைப் பணிக்கென இருந்த ஒரு பிரிவு 1944 மார்ச்சில் 628ஆம் ஸ்குவாட்ரன் எனப் பெயர்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் கலைக்கப்பட்டது. வானிலையை நோக்கி அறியும் பறப்புகளையும் அது செய்தது. வங்கக் கடலின் புயலை உள்ளே சென்று பார்ப்பது பகைவனைப் பார்ப்பதற்குக் குறைந்த துணிவன்று என்று எண்ணூர் மீனவர் யாரும் சொல்வர்.

இத்தனை காவலுக்கு இடையிலும் 1943 அக்டோபரில் ஓர் இரவு, தனியாக வந்த ஜப்பானிய விமானம் ஒன்று சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு வீசிச் சென்றது. சேதம் சிறிதே. 67 மைல் காணும் கண்ணும் இரவில் சிறு விமானத்தைக் காண்பது அரிது.

போர் முடியும் தறுவாயில் 240ஆம் எண் வேறொரு பிரிவுக்கு மாற்றப்பட்டு, அது 1946 ஜனவரியில் கொக்கலைக்குப் போய் மார்ச்சில் கலைந்தது. ஏரி மீண்டும் குடிநீர் ஏரியாயிற்று. இன்று 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் அந்நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று பார்த்தால் நாரைகளே இறங்குகின்றன.

கடற்கரைக் காவல் குழுக்களின் கதை வேறு வழியில் தொடர்ந்தது. 1942 முடிவில் அவை கலைக்கப்பட்டு அவற்றின் ஆட்கள் புதிய ஸ்குவாட்ரன்களில் பிரித்துச் சேர்க்கப்பட்டனர். டிசம்பர் 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் 6ஆம் ஸ்குவாட்ரன் தோன்றியது. அதன் தலைவர் மேஹர் சிங். 'ஹரிக்கேன்' விமானங்களில் அராக்கான் காடுகளுக்குமேல் தாழப் பறந்து, படங்கள் எடுத்துப் பகைவரின் அணிவகுப்பைச் சொன்ன அந்த ஸ்குவாட்ரனைப் பதினான்காம் சேனையின் கண்கள் என்றே அழைத்தனர். அதற்காக மேஹர் சிங்குக்கு டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. விடுதலைக்குப் பின் 1951இல் அதே எண்ணில் மீண்டும் அமைக்கப்பட்ட பிரிவு, 'லிபரேட்டர்' விமானங்களில் கடல்வேவு பார்த்தது. கான்பூரில் பிரிட்டிஷார் கைவிட்டுப் போன பழைய விமானங்களை நம் பெங்களூர்த் தொழிற்சாலையினர் செப்பனிட்டு உயிர்ப்பித்துக் கொடுத்தவை அவை. நம் தொழிலாளர் திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1976இல் கடல்வேவுப் பணி விமானப் படையிடமிருந்து கடற்படைக்கு மாறிற்று.

இன்று வங்கக் கடலைக் காக்கும் வேவு விமானங்கள் அரக்கோணத்திலிருந்து புறப்படுகின்றன. இரண்டாவது உலகப் போரில் போடப்பட்ட விமானத் தளம் அங்கே இருந்தது. 1992 மார்ச் 11இல் அது ஐ.என்.எஸ். ராஜாளி என்ற பெயரோடு கடற்படைத் தளமாயிற்று. ராஜாளி என்பது வல்லூறினத்துப் பறவை. பெயர் வைத்தவருக்குத் தமிழ் தெரியும். அங்குள்ள 312ஆம் பிரிவு முன்பு 'துபலேவ் 142' என்ற மாபெரும் உருசிய விமானங்களை வைத்திருந்தது. அவை 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. 2013 மே மாதம் முதல் வந்து சேர்ந்த 'பி 8 ஐ' விமானங்கள் இப்போது அப்பணியைச் செய்கின்றன. கண்ணாடிக் குமிழியில் அமர்ந்து நோக்கிய காவலாளியின் இடத்தில் ராடாரும், நீருக்குள் போட்டு ஒலி கேட்கும் மிதவைகளும் இருக்கின்றன. 2014இல் காணாமற்போன மலேசியப் பயணி விமானத்தைத் தேடவும் இவை பறந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் மூடப்பட்டபோது ராஜாளியின் ஓடுபாதையிலிருந்தே பயணிகள் வெளியூர் சென்றனர்.

இராயபுரம் நிலையத்திலிருந்து 1856இல் புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் இரயில் அரக்கோணம் வழியாகத்தான் வாலாஜாவுக்குப் போயிற்று. உங்களுள் வசதியுள்ளவர்கள் அந்தப் பாதையில் அரக்கோணம் வரை ஒருமுறை சென்று வாருங்கள். தளத்துக்குள் போக முடியாது. ஊருக்கு வெளியே வயல் வரப்பில் சிறிது நேரம் நின்றால் போதும், அந்தச் சாம்பல் நிற விமானம் ஒன்று எழுந்து கிழக்கே திரும்புவதைக் காணலாம். அது எண்ணூர்க் கரையை எட்டச் சில நிமிடங்களே ஆகும்.